இருவருக்கும் வந்த கடிதம்

பெண்கள் டென்னிஸின் உலகத் தரவரிசை திங்கட்கிழமைகளில் புதிதாக வெளியாகும். பல வருடங்களாக அதைப் போனில் பார்த்த பிறகுதான் நான் கடையின் ஷட்டரைத் தூக்கினேன். டூட்டிங்கில் இருக்கும் ஒரு விளையாட்டுச் சாமான் கடை அது. பின்பக்க அறையில் ராக்கெட்டுகளுக்கு நரம்பு கட்டுவது என் வேலை. அந்த நீண்ட பட்டியலில் எனக்கு ஒரே ஒரு பெயர்தான் தேவைப்பட்டது. அவள் ஓர் இத்தாலியப் பெண். அவள் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்திலிருந்தே அவளை எனக்குத் தெரியும். அவள் பத்து இடம் ஏறியிருந்தால் அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடாது. பத்து இடம் இறங்கியிருந்தாலும் அப்படித்தான். காரணத்தை நான் மனைவிக்குச் சொல்லவில்லை. மகளுக்குச் சொல்லவே முடியாது.

லண்டனுக்கு என்று யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்ட என்னை ஏஜென்சிக்காரன் இத்தாலியில் விட்டுவிட்டுப் போனான். கடைசியில் ஜெனோவா என்ற துறைமுக நகரத்தில் போய் நின்றேன். பத்துப் பதினைந்து வருடம் அங்கேயே ஓடிப்போனது. நகரத்துக்கு மேலே மலைச்சரிவில் ஒரு டென்னிஸ் கிளப் இருந்தது. செம்மண் போட்ட ஐந்து மைதானங்கள். மத்தியானத்தில் மண்ணுக்குத் தண்ணீர் அடிப்பது, விளையாடி முடிந்ததும் வலைப்பாயை இழுத்து மண்ணைச் சமப்படுத்துவது, வெள்ளைக் கோடுகளைத் தும்புத்தடியால் கூட்டுவது, இவைதான் எனக்குக் கிடைத்த வேலை. அதைத் தந்தவர் கிளப்பின் பயிற்றுநர். டென்னிஸ் பழக்குகிறவரை அங்கே மயெஸ்த்ரோ என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

அவர் என்னை நன்றாக வைத்திருந்தார். இதை நான் முதலிலேயே எழுதிவிட வேண்டும். குடியிருப்பு அனுமதிக்காகப் பொலிஸ் அலுவலகத்தில் நான் வரிசையில் நின்ற நாட்களில் இரண்டு முறை அவரும் கூட வந்து நின்றார். என் இத்தாலியன் அப்போது நாலைந்து சொற்கள்தான். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவன் என்னை நாளைக்கு வா, நாளைக்கு வா என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தான். மயெஸ்த்ரோ குனிந்து அந்தத் துவாரத்துக்குள் ஏதோ கதைத்தார். அன்றைக்கே முத்திரை குத்தினார்கள். ராக்கெட்டுக்கு நரம்பு கட்டவும் அவர்தான் எனக்குப் பழக்கினார்.

என் மனைவி ஒரு வயதான பெண்மணியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போய்விட்டுப் பின்னேரம் ஏழு மணிக்குத்தான் வருவாள். அதனால் மகள் பள்ளிக்கூடம் விட்டதும் கிளப்புக்கு வந்துவிடுவாள். கொஞ்ச நாள் ஒரு மூலையில் இருந்து படம் கீறினாள். பிறகு யாரோ எறிந்துவிட்டுப்போன ஒரு பழைய ராக்கெட்டை எடுத்துக்கொண்டு சுவரில் பந்து அடிக்கத் தொடங்கினாள். இடக்கை. சாப்பிடுவதற்கு மட்டும் மனைவி அடித்து அடித்து வலக்கைக்கு மாற்றியிருந்தாள்.

ஒரு நாள் நான் கோடு கூட்டிக்கொண்டிருந்தபோது சுவரிலிருந்து வந்த சத்தம் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். மயெஸ்த்ரோ மகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பிள்ளை இடைஞ்சல் செய்துவிட்டாள் என்று நினைத்துத் தும்புத்தடியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"யார் பழக்கியது இவளுக்கு?" என்று கேட்டார்.

"ஒருவரும் இல்லை. இனி அடிக்கமாட்டாள்."

அவர் நான் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. தன் மகளைக் கூப்பிட்டார். என் மகளுக்கும் அவளுக்கும் ஒரே வயது, எட்டு. வலைக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் மற்றதுமாக நிறுத்தினார். அன்றிலிருந்து ஐந்து வருடம் அந்த இரண்டு பிள்ளைகளும் ஒன்றாகத்தான் விளையாடினார்கள். ஒன்றாகத்தான் சாப்பிட்டார்கள், சண்டை பிடித்தார்கள். என் மகளின் வெள்ளைக் காலுறைகள் எல்லாம் செம்மண் ஏறி ரோஸ் நிறமாகின. எத்தனை முறை ஊறவைத்தும் போகவில்லை.

எதிரெதிரே விளையாடினால் பெரும்பாலும் என் மகள்தான் வென்றாள். தகப்பன் என்பதற்காகச் சொல்லவில்லை. பந்து எங்கே விழும் என்பது அவளுக்கு மற்றவர்களுக்கு முன்னமே தெரிந்துவிடும். அவசரமே இல்லாமல் போய் நிற்பாள். மயெஸ்த்ரோவின் மகள் வேறு மாதிரி. தோற்றால் அன்றைக்கு வீட்டுக்குப் போகமாட்டாள். இருட்டுகிறது, மண்ணை மூட வேண்டும் என்று நான் சொன்னாலும் கூடையிலிருந்து ஒவ்வொரு பந்தாக எடுத்து சேர்வ் அடித்துக்கொண்டிருப்பாள். பன்னிரண்டு வயதில் இருவரும் சோடியாக விளையாடி மாகாணக் கிண்ணத்தை எடுத்தார்கள்.

அடுத்த வருடம் ஜூன் மாதம் தெரிவு நடந்தது. தஸ்கனிப் பக்கம் கடலோரத்தில் இளையோருக்கான ஒரு பயிற்சி முகாம். அங்கேயே தங்கி, அங்கேயே பள்ளிக்கூடமும் படித்து, மிச்ச நேரம் முழுக்க டென்னிஸ். எங்கள் பக்கத்திலிருந்து நாலு பெண் பிள்ளைகளை எடுப்பார்கள் என்றார்கள். இரண்டு பேரும் போய் விளையாடிவிட்டு வந்தார்கள்.

அதே மாதத்தில்தான் எங்கள் இத்தாலியக் குடியுரிமையும் கைக்கு வந்தது. லண்டனில் இருந்த மனைவியின் தமையன் போனில் சொன்னார்: "பாஸ்போட் வந்திட்டுது தானே மச்சான். பிறகென்ன அங்க மண் கூட்டிக்கொண்டு நிக்கிறியள்? பிள்ளைக்கு இங்கிலிஷ் வேணும். வாங்கோ, வீடு நான் பாக்கிறன்." ஜெனோவாவிலிருந்த எங்கள் ஆட்கள் ஒவ்வொரு குடும்பமாக அப்போது வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் ஓகஸ்ட் கடைசிக்கு டிக்கெட் போட்டேன்.

ஜூலை கடைசிக் கிழமை மயெஸ்த்ரோ என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு ஒரு கடித உறையைத் தந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"இரண்டு பேரையும் எடுத்துவிட்டார்கள்" என்றார். "நீ லண்டனுக்குப் போகிறாய், தெரியும். போ. ஆனால் இவளை ஒரு வருடம் விட்டுவிட்டுப் போ. முகாம் இல்லாத நாட்களில் எங்கள் வீட்டில் இருக்கட்டும். என் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்வேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

யோசித்தேன் என்பது உண்மை இல்லை. கடிதத்தைக் கையில் வாங்கியபோதே முடிவு செய்துவிட்டேன். பெண் பிள்ளையை இன்னொருவர் வீட்டில் விட்டுவிட்டுப் போனால் சனம் என்ன கதைக்கும் என்ற பயம் இருந்தது. அதை மட்டும் காரணமாகச் சொன்னால் எனக்கு வசதியாக இருக்கும். ஆனால் வேறொன்றும் இருந்தது. பத்து வருடமாக நான் அந்த மனிதரின் மண்ணைக் கூட்டினேன். என் பிள்ளை பெரியவளாக வந்தால் அவரால் வந்தவள் என்றுதான் இருக்கும். நான் எங்கே போனாலும் அவருடைய வேலைக்காரனாகவே இருப்பேன். இப்படி ஓர் எண்ணம் என்னிடம் இருந்ததை நான் அப்போது எனக்கே ஒப்புக்கொள்ளவில்லை.

அடுத்த நாள் மயெஸ்த்ரோவிடம் போய், "மகளுக்கு விருப்பமில்லை. லண்டனுக்கு வரத்தான் வேணும் என்கிறாள்" என்றேன்.

அவர் என்னை நீண்ட நேரம் பார்த்தார். "அவளே சொன்னாளா?"

"ஓம். அவளே சொன்னாள்."

அதற்கு அடுத்த நாள் அவர்கள் குடும்பமாக மலைப்பக்கம் விடுமுறைக்குப் போனார்கள். ஓகஸ்டில் கிளப் பூட்டிவிடும். இரண்டு பிள்ளைகளும் சந்திக்கவே இல்லை.

மகள் ஒரு மத்தியானம் சாமான் கட்டிக்கொண்டிருந்த என்னிடம் வந்து கேட்டாள். "அப்பா, முகாமுக்கு ஆக்களை எடுத்திட்டினமாமோ?"

"ஓம். அவளை எடுத்திட்டினம்."

"என்னை?"

"இல்லை."

அவள் அப்படியே நின்றாள். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் நான் இன்னும் கொஞ்சம் சொன்னேன். "அவள் மயெஸ்த்ரோவின்ர மகள் எல்லோ. எங்கட நிறத்தில உள்ள ஆக்களை உவங்கள் எடுக்கமாட்டாங்கள் பிள்ளை. உனக்கு இன்னும் விளங்காது."

அழவில்லை. ஒரு கட்டு உடுப்பை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள். அவ்வளவுதான். மனைவிக்கும் அதையே சொன்னேன். மனைவி இரண்டு நாள் மயெஸ்த்ரோவைத் திட்டினாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

லண்டனில் முதல் இரண்டு வருடம் டூட்டிங்கில் ஒரு கடைக்கு மேலே இரண்டு அறையில் இருந்தோம். எனக்கு ஒரு சுப்பர் மார்க்கெட் களஞ்சியத்தில் ஷிப்ட் வேலை. மகள் ராக்கெட் பையோடுதான் புதுப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அங்கே டென்னிஸ் இல்லை. பூங்காவில் கவுன்சிலின் இரண்டு மைதானங்கள் இருந்தன. சீமெந்து வெடித்து, வெடிப்புக்குள் புல் முளைத்திருந்தது. பஸ்ஸில் அரை மணித்தியாலம் போனால் ஒரு நல்ல கிளப் இருந்தது. ஒரு சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். வரவேற்பில் இருந்த பெண் மிகவும் மரியாதையாகத்தான் கதைத்தாள். ஏற்கெனவே அங்கத்தவர்களாக இருக்கும் இரண்டு பேர் எங்களைச் சிபாரிசு செய்ய வேண்டும் என்றாள். எங்களுக்கு அந்த ஊரில் மச்சானையும் அவர் மனைவியையும் தவிர ஒருவரையும் தெரியாது. திரும்பி வரும்போது பஸ்ஸில் மகள் கேட்டாள்: "இங்கயும் எங்கட நிறம் தானோ அப்பா?"

நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடம், கணித டியூஷன் என்று வந்தது. பூங்காச் சுவரில் பந்து அடிப்பது வாரத்தில் மூன்று நாளாக இருந்து ஒரு நாளாகியது. பதினாலு வயதில் ராக்கெட் பையை அலுமாரிக்கு மேலே ஏற்றி வைத்தாள். நான் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதைப் பெருந்தன்மை என்று கூட நினைத்துக்கொண்டேன்.

முதல் வருடத்தில் இத்தாலியிலிருந்து அவள் பெயருக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. இரண்டும் வேலைக்கு வெளிக்கிடும்போது கதவடியில் என் கையில்தான் அகப்பட்டன. பிரிக்கவில்லை. பஸ் தரிப்பிடத்தில் இருந்த குப்பைத் தொட்டியில் கிழித்துப் போட்டேன். அதனால் அந்தப் பிள்ளை தன்னை மறந்துவிட்டாள் என்று மகள் நினைத்தாள். பிறகு போனில் ஒருவரையொருவர் தேடிப் பிடிக்கும் காலம் வந்தது. மகள் தேடவில்லை. மற்றவள் தேடி அனுப்பிய செய்திக்கு இவள் பதிலும் போடவில்லை.

மயெஸ்த்ரோவின் மகள் அந்த நேரம் ஏறத் தொடங்கியிருந்தாள். பதினேழு வயதில் துருக்கியிலும் துனீசியாவிலும் நடக்கும் சின்னப் போட்டிகளில் விளையாடினாள். பார்க்க ஆளே இல்லாத, எதிராளியின் தாயும் ஒரு பூனையும் மட்டும் இருக்கும் போட்டிகள் என்று அவளே எனக்குப் பிறகு சொன்னாள். தரவரிசையில் அவள் பெயர் முதன்முதல் எண்ணூறுக்கு அந்தப் பக்கம் வந்தது. இரண்டு வருடத்தில் நானூறு. ஒரு கோடையில் இருநூறுக்குள் வந்தாள். இருநூறுக்குள் வந்தால்தான் விம்பிள்டன் போன்ற பெரிய போட்டிகளின் தகுதிச்சுற்றில் விளையாட விடுவார்கள். நூறுக்குள் வந்தால் நேரடியாகவே பிரதான சுற்று.

அந்தக் கோடையில் மயெஸ்த்ரோ எனக்குப் போன் எடுத்தார். நான் நரம்பு கட்டும் வேலைக்கு வந்துவிட்டேன் என்று எங்கள் ஆட்கள் யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். "என் மகள் லண்டனுக்கு வருகிறாள். அவளுடைய கை உனக்குத் தெரியும். நீ கட்டிக் கொடு" என்றார்.

ஆறு ராக்கெட்டுகளோடு அவள் கடைக்கு வந்தாள். வாசலிலேயே என்னைக் கட்டிப்பிடித்தாள். உயர்ந்து, தோள் அகன்று, உதடெல்லாம் வெயிலில் வெடித்துப் போயிருந்தது. "இருபத்துநாலு" என்றாள். இத்தாலியில் நரம்பின் இறுக்கத்தைக் கிலோவில் சொல்வார்கள், லண்டனில் இறாத்தலில். ஐம்பத்துமூன்று என்று இயந்திரத்தில் மாற்றி வைத்தேன். பிறகு அவள் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அவள் எங்கே?"

"படிக்கிறாள். வேறு நகரத்தில்."

அது உண்மைதான். மகள் அப்போது மருந்தாளர் படிப்பில் இருந்தாள். அடுத்தடுத்த ஜூன் மாதங்களில் "வேலை" என்றேன், "ஷிப்ட்" என்றேன். மனைவி ஒவ்வொரு வருடமும் இடியப்பமும் சொதியும் கட்டி அந்தப் பிள்ளைக்குக் கடைக்குக் கொடுத்து அனுப்புவாள். வீட்டுக்குக் கூட்டி வாருங்கோ என்பாள். அவளுக்கு நேரமில்லை என்பேன். ஒரு பக்கம் அவளுடைய ராக்கெட்டுகளை வேறு யாரும் தொடக்கூடாது என்று இருந்து பின்னிக் கொடுத்தேன். இன்னொரு பக்கம் அவள் என் மகளின் கண்ணில் பட்டுவிடக்கூடாது என்று காவல் இருந்தேன்.

முதல் வருடம் தகுதிச்சுற்றில் முதல் ஆட்டத்திலேயே தோற்றாள். அடுத்த வருடம் இரண்டாவதில். மூன்றாவது வருடம் மூன்று ஆட்டங்களையும் வென்று பிரதான சுற்றுக்குப் போனாள். அங்கே முக்கால் மணித்தியாலத்தில் தோற்றுவிட்டு வந்து என் மேசைக்குப் பக்கத்தில் இருந்து சிரித்தாள். அந்த இலையுதிர் காலத்தில் நூற்றுக்குள் வந்தாள். எழுபதுகள் வரை ஏறினாள். அவளுடைய உச்சம் அதுதான்.

ஏறுகிற காலத்தில் ஒரு நாள், கைப்பிடிக்குச் சுற்றுகிற நாடாவைத் தெரிவு செய்துகொண்டே, "அப்பாவை நிறுத்திவிட்டேன்" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

"பயிற்சியிலிருந்து. வேறொருவரை வைத்திருக்கிறேன். அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் எனக்குத் தந்துவிட்டார். இனி அவரிடம் இல்லை. ஆறு மாதமாக என்னோடு கதைக்கவில்லை."

"கவலையாக இல்லையா?"

"இருக்கிறது. ஆனால் முகத்துக்கு நேரே சொன்னேன்" என்றாள். வெள்ளை நாடாவில் மூன்று வாங்கிக்கொண்டு போனாள்.

பிறகு தோள்மூட்டுப் போனது. சத்திரசிகிச்சை செய்து ஒரு வருடம் விளையாடவில்லை. திங்கட்கிழமைகளில் அவள் பெயரைத் தேடப் பட்டியலில் கீழே கீழே போக வேண்டியிருந்தது. ஒரு கட்டத்தில் பெயரே இல்லை. காயப்பட்டவர்களுக்குப் பழைய தரவரிசையை வைத்து ஒரு சலுகை கொடுப்பார்கள். அதை வைத்து இருபத்தெட்டு வயதில் மறுபடி தகுதிச்சுற்றுக்கு வந்தாள். இதுதான் கடைசி என்று கடையில் என்னிடம் சொன்னாள். நான் அதை வீட்டில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மனைவி அதை மகளுக்குச் சொல்லியிருக்கிறாள்.

மகள் அப்போது ஓர் ஆஸ்பத்திரியில் மருந்தாளர். லண்டனின் மற்றத் தொங்கலில், வால்தம்ஸ்டோவில் தனியாக வீடு எடுத்து இருந்தாள். போன் எடுத்து, "அப்பா, I've taken the day off. நானும் வாறன்" என்றாள்.

"உனக்கேன் அலைச்சல்? அவ்வளவு தூரம்."

"It's the last time எண்டு அம்மா சொன்னவ. நான் வாறன்."

தகுதிச்சுற்று ரோஹாம்ப்டனில் புல் மைதானங்களில் நடந்தது. எதிராளி பதினேழு வயதுப் பெண். எங்கள் இத்தாலியப் பிள்ளை முதல் செட்டை எடுத்தாள். இரண்டாவதில் தோளைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது செட் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. என் மகள் வரிசையின் ஓரத்தில் இருந்து கடைசிவரை பார்த்தாள். ஒரு பந்துக்கு மட்டும், அடிபடுவதற்கு முன்னமே, இடது காலை நகர்த்தினாள். நான் அதைக் கண்டேன்.

ஆட்டம் முடிந்து அரை மணித்தியாலத்தில் மயெஸ்த்ரோவின் மகள் வெளியே வந்தாள். என் கையில் அவளுடைய இரண்டு பைகள். அவள் என்னைப் பார்க்கவில்லை. நேரே என் மகளிடம் போனாள். இரண்டு பேரும் கட்டிப்பிடித்தார்கள். மகளின் இத்தாலியன் துருப்பிடித்திருந்தது. சொல்லைத் தேடித் தேடிக் கதைத்தாள்.

"ஒன்று கேட்கலாமா?" என்றாள் மற்றவள். "இவ்வளவு வருடம் கழித்துக் கேட்பதற்குக் கோபிக்கமாட்டாய்தானே. ஏன் வரவில்லை?"

"எங்கே?"

"முகாமுக்கு. மூன்று மாதம் என் பக்கத்துக் கட்டிலில் யாரையும் படுக்க விடவில்லை. நீ மனம் மாறி வருவாய் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்."

மகள் சிரித்தாள். "என்னை எடுக்கவில்லையே. உன்னை எடுத்தார்கள், நீ அவருடைய மகள் என்று. அதனால் உன்னோடு கதைக்கவும் மனம் வரவில்லை. மன்னித்துக்கொள்."

"யார் சொன்னது? உன் பெயர்தான் முதலாவது. என் பெயர் நாலாவது. அப்பா அதைச் சொல்லிச் சொல்லியே என்னை இரண்டு வருடம் வதைத்தார். கடிதத்தை உன் அப்பாவின் கையில்தானே கொடுத்தார்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். "வெயிலாக இருக்கிறது. நிழலுக்குப் போவோம்" என்று நான் சொன்னேன். அந்த இடத்தில் என் வாயில் வந்தது அதுதான்.

மயெஸ்த்ரோவின் மகள் என் கையிலிருந்து பைகளை வாங்கிக்கொண்டாள். மகளின் போன் எண்ணைக் கேட்டு எழுதினாள். எனக்கு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள்.

மகள் என்னோடு காரில்தான் வந்தாள். அது எனக்கு ஆச்சரியம். பட்னி தாண்டிச் சிவப்பு விளக்கில் நின்றபோது, "எப்ப வந்தது?" என்றாள்.

"நாங்கள் வெளிக்கிட ஒரு மாதத்துக்கு முன்னம்."

"அம்மாக்குத் தெரியுமோ?"

"இல்லை."

"அவை எனக்குக் கடிதம் ஏதும் போட்டவையோ?"

"இரண்டு வந்தது."

விளக்கு மாறியது. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். நான் காரை எடுத்தேன்.

"நீங்கள் வேண்டாம் எண்டு சொல்லியிருக்கலாம்" என்றாள். "நீ போக ஏலாது, நான் விடமாட்டன் எண்டு. I would have cried for a month. பிறகு மறந்திருப்பன். எத்தினை அப்பாமார் அப்பிடிச் சொல்லுகினம். நான் காணாது, எனக்குத் திறமை போதாது எண்டு எல்லோ இவ்வளவு காலமும் நினைச்சனான். எதுக்குப் போனாலும், யூனிக்கு, இன்டர்வியூவுக்கு, எங்க போனாலும், என்னை எடுக்கமாட்டினம் எண்டுதான் போனனான். எடுத்தாலும் நம்பேல்லை."

"பிள்ளை..."

"நிறம் எண்டு சொன்னியள். அதையும் நம்பினனான்."

ஸ்டேஷனில் இறக்கிவிடச் சொன்னாள். கதவை அடித்துச் சாத்தவில்லை. மெதுவாகத்தான் சாத்தினாள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். அடுப்பை நிறுத்திவிட்டுக் கதிரையில் இருந்தாள். "அந்த மனிசனை எத்தினை நாள் திட்டினனான்" என்றாள். "நீங்கள் பக்கத்தில இருந்து கேட்டுக்கொண்டு எல்லோ இருந்தனீங்கள்." பிறகு எழுந்து மகளின் பழைய அறைக்குப் போனாள். இப்போதும் அங்கேதான் படுக்கிறாள்.

ஒரு கிழமை கழித்து மயெஸ்த்ரோவுக்குப் போன் எடுத்தேன். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. கடிதத்தை மகளுக்குக் காட்டவில்லை என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"தெரியும்" என்றார். "அன்றைக்கே தெரியும். அவளாக முடிவெடுத்திருந்தால் என்னிடம் வந்து சொல்லியிருப்பாள். அவள் அப்படிப்பட்ட பிள்ளை. நீ தகப்பன். அதனால் நான் பேசாமல் விட்டேன். அது என் பிழை."

எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. இவ்வளவுதானா என்று நினைத்தேன்.

"ஆனால் என் மகள் இன்னொன்றும் சொன்னாள்" என்றார் அவர். "நிறத்துக்காக நாங்கள் அவளை எடுக்கவில்லை என்று சொன்னாயாமே."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"உனக்கு வேலை தந்தபோது நான் உன் நிறத்தைப் பார்த்தேனா? அந்தப் பொலிஸ் அலுவலகத்தில் உன்னோடு நின்றேனே, அப்போது பார்த்தேனா? இந்த நாட்டில் அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர்களில் ஒருவனாக என்னை அந்தப் பிள்ளையின் மனதில் பதினைந்து வருடம் வைத்திருந்தாய்."

போனை வைத்துவிட்டார். அதன் பிறகு மூன்று முறை எடுத்தேன். அவர் மனைவி எடுத்து, தோட்டத்தில் நிற்கிறார் என்றாள். மூன்று முறையும் தோட்டத்தில்தான் நின்றார்.

அவருடைய மகள் அந்த வருடக் கடைசியில் விளையாட்டை விட்டுவிட்டாள். இப்போது தான் படித்த அதே மாதிரியான ஒரு முகாமில் சின்னப் பிள்ளைகளுக்குப் பழக்குகிறாள். தகப்பனோடு கதைத்துக்கொள்கிறாளாம். எல்லாம் மனைவி சொல்லித்தான் தெரியும். அந்தப் பிள்ளையும் என் மகளும் அடிக்கடி போனில் கதைப்பார்கள். என் மகளை அங்கே வந்து ஒரு கிழமை நிற்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். இவள் இன்னும் போகவில்லை. போவாளா என்று நான் கேட்க ஏலாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் தாயைப் பார்க்க வருகிறாள். என்னோடு கதைக்காமல் விட்டாள் என்று சொல்ல முடியாது. சுகமா என்று கேட்பாள். போன மாதம் எனக்குப் பிரஷருக்குக் குளிசை மாற்றினார்கள். பெட்டியை எடுத்து, வாசித்து, எனக்கு எதிரே இருந்து விளங்கப்படுத்தினாள். காலையில் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. தலை சுற்றினால் உடனே எழும்பக் கூடாது. கால் வீங்கினால் டொக்டருக்குச் சொல்ல வேண்டும். குரல் தெளிவாகவும் பொறுமையாகவும் இருந்தது. ஆஸ்பத்திரியில் கவுண்டருக்கு வருகிற எந்தக் கிழவருக்கும் அவள் இப்படித்தான் சொல்லிக் கொடுப்பாள் என்று நினைக்கிறேன்.

"வேற ஏதும் கேக்க இருக்கோ?" என்றாள்.

"இல்லைப் பிள்ளை."

பெட்டியை மூடி என் பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு, தாய்க்கு உதவி செய்யக் குசினிக்குள் போனாள்.